பெயர் எழுதாத குழாய்

மருத்துவமனை என்றவுடன் நம் உள்ளத்தில் எழும் காட்சி எது? வெள்ளை அங்கி அணிந்த மருத்துவர், படுக்கையருகே நிற்கும் செவிலியர், தூக்குச்சட்டியுடன் வாசலில் காத்திருக்கும் உறவினர். நோயுற்றோரைச் சந்திப்பதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் திருச்சபை தொன்றுதொட்டுப் போற்றி வருகின்றது. சந்திப்பு என்றாலே இரு முகங்கள் எதிரெதிரே இருந்தாக வேண்டும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பெரிய மருத்துவமனை எதிலும், நோயாளியின் முகத்தை ஒருபோதும் காணாமலேயே அவருடைய உயிரைத் தம் விரல்களுக்கிடையே வைத்திருப்போர் சிலர் உண்டு. இரத்த ஆய்வகத்தில் பணிபுரிவோரே அவர்கள். அவர்தம் பணியை எண்ணும்போதெல்லாம் நம்முள் ஒரு வினா எழுகின்றது. முகம் காணாத ஒருவர்மீது அன்பு செலுத்த இயலுமா? இயலுமெனில் அவ்வன்பு எவ்வடிவில் இருக்கும்?

இது வெறும் சொல்விளையாட்டன்று. நல்ல சமாரியர் உவமையில் வழிப்போக்கர் மூவருமே அடிபட்டுக் கிடந்தவரைப் பார்க்கின்றனர். பார்த்தும் விலகிச் சென்றோர் இருவர். பார்த்து மனமிரங்கியவர் ஒருவர். இரக்கம் அங்கே கண்வழியாக நுழைந்தது. மறையுரைகளில் நாமும் அந்தப் பார்வையையே அழுத்திச் சொல்லிப் பழகிவிட்டோம். கண் நுழையாத அறையில் இரக்கம் எந்த வழியாக நுழையும் என்று நாம் கேட்பதில்லை.

சுற்றியுள்ள மூன்று நான்கு மாவட்டங்களின் ஏழை மக்களுக்குக் கடைசிப் புகலிடமாக விளங்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில், நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் ஆய்வக நுட்பநராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி வருகின்றார். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் நாள்களில் அவருடைய அறைக்குள்ளும் சிறிது நேரம் அமர்ந்திருக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைப்பதுண்டு. அங்கே மனிதர்கள் வருவதில்லை, குழாய்களே வருகின்றன. ஊதா மூடியிட்ட குழாய் அணுக்களை எண்ணுவதற்கு. அதில் இரத்தம் உறையாதிருக்க ஓர் உப்பு தடவப்பட்டிருக்கும். சிவப்பு மூடியில் இரத்தத்தை உறையவிட்டு, சுழலியில் இட்டுச் சுழற்றி, மேலே தெளியும் நீரை எடுத்து யூரியாவும் உப்புகளும் பார்க்கிறார்கள். நீலம் உறைதிறனுக்கு. சாம்பல் நிறம் சர்க்கரைக்கு. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் வந்து குவியும் இக்குழாய்களில் ஒவ்வொன்றும் ஒரு தாய், ஒரு தகப்பன், ஒரு குழந்தை. ஆனால் நுட்பநரின் கைக்கு வருவது ஒரு பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே.

எண்களை மட்டுமே காணும் பணி மனத்தை மரக்கச் செய்துவிடாதா என்று ஒருமுறை அவரிடம் கேட்டோம். அவர் விடையாக ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். ஒரு குழாயில் பொட்டாசியம், உயிரோடிருக்கும் ஒருவருக்கு இருக்கவே முடியாத அளவில் வந்தது. கால்சியமோ ஏறத்தாழ இல்லவே இல்லை. இயந்திரம் பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தது. எண்ணை அப்படியே எழுதி அனுப்பியிருந்தால் அவர்மீது எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர் எழுதவில்லை. சிவப்புக் குழாயில் இரத்தம் போதாமற்போகவே, யாரோ ஊதாக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள் என்று கண்டுகொண்டார். ஊதாக் குழாயில் தடவியிருப்பது பொட்டாசியம் கலந்த உப்பு. அது கால்சியத்தையும் பற்றிக்கொள்ளும். “அது நோயாளிக்கு வந்த நோயில்லை சாமி, குழாய்க்கு வந்த நோய்” என்றார். பொட்டாசியத்தைக் குறைக்க மருத்துவர் ஊசி போட்டிருந்தால், நலமாயிருந்த ஒருவரின் இதயம் அல்லலுற்றிருக்கும். மற்றொரு நாள், முந்தைய நாள் ஹீமோகுளோபின் 6 என்றிருந்த பெண்மணிக்கு 13 என்று வந்தது. இடையில் இரத்தம் ஏற்றவில்லை. எனில் குழாயில் இருப்பது வேறொருவரின் இரத்தம். முகம் காணாமலே, ‘இவர் அவரல்லர்’ என்று அவர் கண்டுகொண்டார். இதையும் ஒருவகைப் பார்வை என்றே நாம் சொல்லத் துணிகிறோம்.

இனி நம் சிந்தனையைப் பெரிதும் கலக்கிய ஒன்றுக்கு வருவோம்.

அரசு மருத்துவமனைகளில் இரத்தக் குழாயை ஆய்வகத்துக்குக் கொண்டு ஓடுபவர் பெரும்பாலும் உறவினரே. ஓர் இரவு, மகப்பேற்றுப் பிரிவிலிருந்து ஒரு முதியவர் குழாயைக் கைக்குள் பொத்திக்கொண்டு வந்தார். மகளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. இரத்தம் ஏற்றியாக வேண்டும். குழாயின் மேல் பெயர் எழுதப்படவில்லை.

“ஐயா, பேரு நான் சொல்றேன், நீங்களே எழுதிக்கிடுங்க. எம் மக ரத்தம்தான் ஐயா இது, என் கையிலதான் குடுத்தாங்க.”

“பெரியவரே, உங்க மகளுக்காகத்தான் சொல்றேன். இதை வச்சு நான் பாக்க மாட்டேன். திரும்பப் போய், அவங்க பக்கத்துல நின்னு எடுத்து, பேரும் நம்பரும் எழுதி வாங்கிட்டு வாங்க. நான் வார்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

முதியவர் கையெடுத்துக் கும்பிட்டார், பிறகு சபித்தார், பிறகு ஓடினார். அந்த நேரத்தில் அங்கே எவரேனும் நின்றிருந்தால் யாரை இரக்கமற்றவர் என்று சொல்லியிருப்பர்?

அறநெறி இறையியலில் ‘எப்பிக்கேயா’ என்றொரு கருத்தைக் குருத்துவக் கல்லூரியில் கற்றோம். சட்டத்தின் சொல்லைக் கடைப்பிடித்தால் சட்டத்தின் நோக்கமே கெடும் என்னும் இடத்தில், சொல்லைவிட்டு நோக்கத்தைப் பற்றிக்கொள்ளும் நற்பண்பு அது. அரிஸ்டாட்டில் தொட்டு வைத்ததைப் புனித தாமஸ் அக்குவினாஸ் விரித்துரைத்தார். ஒருவர் ஒப்படைத்த பொருளை அவர் கேட்கும்போது திருப்பித் தரவேண்டும் என்பது சட்டம். ஆனால் வாளை ஒப்படைத்தவர் சித்தம் கலங்கிய நிலையில் வந்து கேட்டால் தரலாகாது என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு. அந்த இரவில் இந்த நற்பண்பு நுட்பநரிடம் இல்லாமற்போயிற்றா? குழாய் மகளுடையதுதான் என்று தகப்பனே சொல்லும்போது, எழுத்தைப் பிடித்துக்கொண்டு உயிரை விடுவது பரிசேயத்தனம் ஆகாதா?

நெடுநாள் எண்ணிப் பார்த்ததில், ஆகாது என்பதே நம் முடிவு. தகப்பன் பொய் சொல்லவில்லை; ஆனால் அவர் அறிந்தது, தம் கையில் தரப்பட்ட குழாய் இது என்பதை மட்டுமே. பக்கத்துப் படுக்கையில் எடுத்த இரத்தமும் அதே தட்டில் இருந்திருக்கலாம். இரத்தப் பிரிவு மாறி ஏற்றப்பட்டால், உடலிலுள்ள எதிர்ப்பொருள்கள் வந்த அணுக்களை உடைத்தெறியும், சிறுநீரகம் செயலிழக்கும், சிறிதளவு இரத்தமே உயிரைக் குடிக்கப் போதுமானதாகும். இத்தகைய இறப்புகளுக்குப் பெருங்காரணம் அறிவியலின் குறையன்று. பெயர் மாறிய குழாயும் ஆள் மாறிய பையுமே என்பது உலகெங்கும் கண்டறியப்பட்ட உண்மை. பெயரை எழுது என்னும் விதி அலுவலகச் சம்பிரதாயமாகப் பிறந்ததன்று. அது முன்பு இறந்தவர்களின் கல்லறைகள்மேல் எழுதப்பட்ட விதி. அதைத் தளர்த்தும்போது நாம் சட்டத்தின் நோக்கத்தைக் காப்பதில்லை, நோக்கத்தையே கைவிடுகிறோம்.

அப்படியானால் எப்பிக்கேயாவுக்கு அங்கே இடமே இல்லையா? உண்டு, அது இருக்குமிடத்தைக் கண்டு நாம் வியந்தோம். குழந்தையின் முதுகுத்தண்டில் ஊசியிட்டு எடுத்த நீர் பெயரின்றி வந்துவிட்டால், மீண்டும் அக்குழந்தையைக் குத்துவது கொடுமை என்பதால், எடுத்த மருத்துவரே வந்து கையொப்பமிட்டுப் பொறுப்பேற்க, குறையையும் அறிக்கையில் குறித்து ஆய்வு செய்வதுண்டு. இரத்தம் ஏற்றுவதற்கான குழாய்க்கு அச்சலுகை கிடையாது. மீண்டும் எடுக்க ஓர் ஊசிக்குத்தே போதும். அதுவரை காத்திருக்க இயலாத ஆபத்தெனில், பிரிவு பார்க்காமலேயே ஓ பிரிவு அணுக்களை அனுப்பும் ஏற்பாடு விதிக்குள்ளேயே இருக்கின்றது. நுட்பநர் அன்றிரவு வார்டுக்குத் தொலைபேசியில் சொன்னதும் அதுதான். மறுத்த கையே மாற்று வழியையும் நீட்டியது. முதியவர் அதைக் காணவில்லை. அவர் கண்டது மறுத்த கையை மட்டும். புதிய குழாயுடன் அவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, பெயர் எழுதப்பட்டிருந்தது. அவர் நுட்பநரிடம் ஒன்றும் பேசவில்லையாம்.

விதியைக் காட்டி ஏழையைத் துரத்தும் அலுவலகங்களை நாம் அறியாதவர்கள் அல்லர். சான்றிதழ் ஒன்றுக்காக விதவை ஒருத்தியை ஏழு முறை அலைக்கழிக்கும் விதியும், இந்தக் குழாயைத் திருப்பியனுப்பிய விதியும் வெளித்தோற்றத்துக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னது அலுவலரைக் காக்கின்றது. பின்னது அந்தப் பெண்ணைக் காக்கின்றது. விதியின் கடுமையைக் கொண்டு அதை எடைபோடாமல், அது யாருக்குக் காவல் நிற்கின்றது என்று பார்க்க வேண்டும்.

ஆய்வகத்தில் சோதனை வெளியிலிருந்து வருவதைவிட உள்ளிருந்து வருவதே மிகுதி. எவரும் பார்க்காத இடத்தில் சுருக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். இரத்தப் பிரிவைப் பார்ப்பதற்கு இரண்டு வழிகளையும் செய்யவேண்டும் என்பது நெறி. முதலில் அணுக்களைத் தெரிந்த எதிர்ப்பொருள்களோடு சேர்த்துப் பார்ப்பது. பிறகு அவருடைய சீரத்தைத் தெரிந்த அணுக்களோடு சேர்த்துப் பார்ப்பது. இரண்டும் ஒத்துவந்தால்தான் எழுதலாம். பத்தாயிரம் முறை ஒத்துவந்ததைப் பார்த்தவருக்கு இரண்டாவது பாதி வீண்வேலையாகத் தோன்றும். ஆனால் 1952ஆம் ஆண்டு பம்பாயில் மருத்துவர் பெண்டே அவர்களும் அவருடைய தோழர்களும் ஒரு விந்தையைக் கண்டார்கள். முதல் சோதனையில் ஓ பிரிவுபோலவே தோன்றும் சிலர், உண்மையில் ஓ பிரிவு இரத்தத்தையும் ஏற்க இயலாதவர்கள். ‘பம்பாய் பிரிவு’ என்று இன்றும் அழைக்கப்படும் அவர்களைக் காட்டிக்கொடுப்பது அந்த இரண்டாம் பாதியே. ஆயிரக்கணக்கானோரில் ஒருவராக அவர் வருவார். வரும் நாள் எது என்று எவருக்கும் தெரியாது. 1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஷ்டைனர், தம் இரத்தத்தையும் உடன் பணியாற்றியோர் இரத்தத்தையும் கலந்து கலந்து பார்த்தே இரத்தப் பிரிவுகளை உலகுக்கு அறிவித்தார். 1930இல் நோபல் பரிசும் பெற்றார். 1943இல் ஆய்வகத்தில் இருக்கும்போதே மாரடைப்புற்றார்; இரண்டு நாளில் காலமானார். புகழ் வந்தபின்னும் குழாயை விட்டு எழாத மனிதர் என்பதால் அவர்மீது நமக்குத் தனி மதிப்பு.

மற்றொரு செய்தியைக் கேட்டபோது நாம் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். பிறகு சிரிப்பு அடங்கியது. ஆய்வகங்களின் தரத்தை அளக்க, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் நாடெங்குமுள்ள ஆய்வகங்களுக்கு அவ்வப்போது மாதிரிகளை அனுப்புகின்றன. அனுப்பியவருக்கு விடை தெரியும். பெற்றவர் ஆய்ந்து எழுதியனுப்ப வேண்டும். அம்மாதிரியையும் நோயாளியின் மாதிரியைப் போலவே நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் மனித மனம் வேறுவிதம். தேர்வு மாதிரி வந்துவிட்டால் மூத்தவரைக் கூப்பிட்டு, இயந்திரத்தைத் துடைத்து, இருமுறை மும்முறை ஓட்டிப் பார்த்து, சராசரி எடுத்து எழுதத் தோன்றுமாம். நோயாளியின் குழாய்க்கு ஒருமுறைதான். மதிப்பெண் தரும் தண்ணீருக்கு மூன்று முறை கவனமும், மரணத்தோடு போராடும் மனிதருக்கு ஒருமுறை கவனமும்! ஆயர் வருகையன்று மட்டும் பூசைப் பீடத்தில் புதுத்துணி விரிக்கும் பங்குகளை அறிந்த நாம் இதற்காக ஆய்வகத்தாரைக் கடிந்துகொள்ளத் தகுதியுடையோம் அல்லோம்.

இனி, எளிதில் பேச இயலாத ஒன்று.

2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த செய்தி தமிழகத்தையே உலுக்கியது. கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றப்பட்ட இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. இரத்தம் அளித்தவர் ஓர் இளைஞர். 2016இல் முகாம் ஒன்றில் அவர் இரத்தம் அளித்தபோதே தொற்று தெரிந்திருந்தது என்றும், அச்செய்தி அவரைச் சென்றடையவில்லை என்றும் நாளேடுகள் எழுதின. கிருமி நுழைந்த தொடக்க நாள்களில் சோதனைக்குப் பிடிபடாத ஓர் இடைவெளி உண்டு. நேர்மையான சோதனையும் அப்போது தவறலாம். அது அறிவின் எல்லை, குற்றமன்று. ஆனால் ஈராண்டுக்கு முன்பே இருந்த தொற்றை அந்த இடைவெளி மறைத்திருக்க முடியாது. ஆய்வகப் பணியாளர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. நாடே அவர்களைத் தூற்றியது.

தன் கடமைக்கு உரியதை ஒருவர் அறியாதிருந்தால், அந்த அறியாமை கவனக்குறைவால் வந்ததாயின், அது அவரை விடுவிக்காது என்பது அக்குவினாசின் போதனை. ‘எனக்குத் தெரியாது’ என்பது மற்றவர்க்கு விளக்கமாகலாம்; தெரிந்துகொள்வதற்கென்றே ஊதியம் பெறுபவர்க்கு ஆகாது. சோதிக்காமல் ‘இல்லை’ என்று எழுதும் கை எதுவாயினும், அது சிறிய பொய்யை எழுதவில்லை. முகமறியாத ஒருவரின் மேல் தீர்ப்பு எழுதுகின்றது. இதில் நமக்குத் தயக்கமில்லை. எனினும் தூற்றியவர்களோடு சேர்ந்துகொள்ளவும் நமக்கு மனம் வரவில்லை. இரத்த வங்கிகளில் ஒப்பந்த அடிப்படையில், குறைந்த ஊதியத்தில் பணியாற்றும் நுட்பநர் பலர். இரவுப் பணியில் ஒருவரே தொலைபேசிக்கும் பதிவேட்டுக்கும் குழாய்க்கும் பதில் சொல்லும் நிலையைப் பல இடங்களில் காணலாம். மனித உழைப்பைப் பற்றி 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிய சுற்றுமடல், செய்யப்படும் பொருளைவிடச் செய்யும் மனிதரே உழைப்பின் மதிப்புக்கு அடிப்படை என்று கற்பிக்கின்றது. களைத்த கண்களிடம் பிழையற்ற பார்வையை எதிர்பார்க்கும் சமுதாயமும் அந்தக் குழாயின்மேல் ஒரு கையொப்பம் இட்டே இருக்கின்றது. ஆயினும் களைப்பு, சோதிக்காததைச் சோதித்ததாக எழுதும் உரிமையை எவருக்கும் தருவதில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது கடினம். ஒன்றை விட்டுவிட்டால் எளிது.

அந்த நிகழ்ச்சியில் நம் உள்ளத்தை விட்டகலாதவர் அந்த இளைஞர். வெளிநாட்டு வேலைக்கெனச் செய்துகொண்ட சோதனையில் தம் நிலை அவருக்குத் தெரியவந்தது. அவர் என்ன செய்திருக்கலாம்? வாய்மூடி இருந்திருக்கலாம். யாருக்கு ஏற்றினார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவரை யாரும் தேடி வரவில்லை. ஒரு சிற்றூரில் இந்நோயின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துச் சொல்வது எத்தகைய துணிவு என்பதை, இந்நோயுற்றோரை அடக்கம் செய்யச் சென்ற குருக்கள் அறிவர். அவர் தாமாகவே, தம் இரத்தத்தை எவருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று தெரிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. மனமுடைந்த அவர் அம்மாத இறுதியில் உயிரிழந்தார்.

முகம் காணாத ஒருவர்மீது அன்பு செலுத்த இயலுமா என்னும் நம் வினாவுக்கு விடை தேடுகையில், இறையியல் நூல்களைவிட இந்த இளைஞரே நம் முன் நிற்கின்றார். அந்தப் பெண் யாரென்று அவர் அறியார். அவருக்கென்று அவரிடம் கொடுக்க ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது: உண்மை. அதைச் சொல்லத் தமக்கு மிஞ்சியிருந்த மானத்தையெல்லாம் விலையாகக் கொடுத்தார். உண்மையைக் காக்க வேண்டிய அறைகள் தவறிய இடத்தில், அதை எடுத்துக்கொண்டு வந்தவர் அவர். அவரைத் தாங்கிப் பிடிக்க அப்போது யார் இருந்தார்கள் என்ற கேள்வி வேறு எவரையும்விட நம்மைப் போன்றோரையே குத்துகின்றது.

நம் பங்கைச் சேர்ந்த நுட்பநரிடம் கடைசியாகப் பேசியது டெங்கு பரவியிருந்த மழைக்காலம் ஒன்றில். ஒரு குழந்தையின் பெயர் நாள்தோறும் வந்துகொண்டிருந்தது என்றார். தட்டணுக்கள் முதல் நாள் 18,000, மறுநாள் 16,000, பிறகு 27,000, பிறகு 61,000. “எண்ணிக்கை ஏற ஏற எனக்கே சாப்பாடு இறங்கிச்சு சாமி” என்று சிரித்தார். அடுத்த நாள் அந்தப் பெயர் வரவில்லை. வீட்டுக்குப் போயிருக்கலாம். வேறு விதமாகவும் இருக்கலாம். இரண்டு மாடி ஏறினால் குழந்தைகள் பிரிவு. போய்ப் பார்த்து வந்திருக்கலாமே என்று கேட்டோம்.

“இருபது வருசத்துல ஒருதடவை கூடப் போனதில்லை சாமி. போய் முகத்தைப் பாத்துட்டேன்னா, மறுநாள் அந்தக் குழாயைத் தனியாப் பாப்பேன். மத்தக் குழாய்க்கெல்லாம் யாரு பாப்பா?”

அவர் சொன்னதை முழுதும் ஒப்புக்கொள்ள நமக்கு இன்னும் இயலவில்லை. போய்ப் பார்த்திருக்கலாம் என்றே ஒரு பக்கம் தோன்றுகின்றது. அதற்குள் சன்னல் வழியாக ஒரு கை, குழாய்கள் அடுக்கிய தட்டை உள்ளே வைத்துவிட்டுப் போயிற்று. அவர் எழுந்து சென்று, முதல் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதன்மேல் இருந்த பெயரைப் படிவத்தோடு ஒப்பிட்டு வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.